இசைத்தட்டுப் பக்கம்: இரண்டு நட்சத்திரமும் பத்து லட்சம் விற்பனையும்

மலைப்பக்கம் மழை பிடித்துக்கொண்டால் பாட்டுப் பெட்டியும் கடிதமும் சேர்ந்து வேலை செய்கின்றன போலிருக்கிறது. நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர், இசையமைப்பாளர் டேவ் புரூபெக்கைப் பற்றியவை.

‘டைம் அவுட்’ ஆல்பத்துக்கு அந்தக் காலத்தில் ‘டவுன்பீட்’ பத்திரிகை ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் கொடுத்ததாகப் படித்தேன். அதுவோ பத்து லட்சம் விற்ற தட்டு. யாரை நம்புவது? – வாசகர், ஊட்டி

இரண்டும் உண்மை. கொலம்பியா நிறுவனம் 1959 டிசம்பரில் வெளியிட்ட ஆல்பம் அது. அடுத்த ஆண்டு ‘டவுன்பீட்’ விமர்சகர் ஐரா கிட்லர் அதற்கு இரண்டு நட்சத்திரம் போட்டார். அவர் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் காலத்து பீபாப்பில், அதாவது விரைவான, கற்பனை வாசிப்பு மிகுந்த ஜாஸ் பாணியில் ஊறியவர். அவர் கையில் இருந்த அளவுகோல் ‘ஸ்விங்’, அதாவது அடிக்கும் அடிக்கும் நடுவே உள்ள நேரத்தைச் சமமாகப் பிரிக்காமல், உந்தித் தள்ளுகிற துள்ளல். புரூபெக் இரண்டு கையாலும் கனமான ஸ்வரக்கூட்டுகளை அடுக்கி அடிப்பவர். ‘துள்ளல் இல்லை, கை கனம்’ என்ற குறை அவர்மேல் 1950-களின் தொடக்கத்திலிருந்தே இருந்தது. அதோடு 1954 நவம்பரில் ‘டைம்’ வார இதழ் அவர் படத்தை அட்டையில் போட்டது. மூத்த ஜாஸ் மேதை டியூக் எலிங்டனுக்கு முன்னால் தனக்கு அந்த மரியாதை கிடைத்ததில் புரூபெக்குக்கே கூச்சம். விமர்சகர்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை.

கம்பெனிக்குள்ளேயும் எதிர்ப்பு இருந்தது. எல்லாமே புது மெட்டு, நடனமாட முடியாத தாளம், அட்டையில் நவீன ஓவியம் என்று மூன்று வழக்கங்களை ஒரே தட்டில் மீறியதாக விற்பனைக்காரர்கள் முறையிட்டார்கள். தலைவர் காடர்ட் லீபர்சன் பிடிவாதமாக நின்றதால்தான் அது வெளிவந்தது. 1961-இல் அதிலுள்ள ‘டேக் ஃபைவ்’ சிறு தட்டாக வானொலியில் ஓடத் தொடங்கியதும், ஆல்பம் பாப் ஆல்பங்களின் பட்டியலில் 2-ஆம் இடம் வரை ஏறியது.

எங்கள் தீர்ப்பைக் கேட்டால், கிட்லர் சொன்ன குறையில் பாதி நியாயம். ‘டேக் ஃபைவ்’ முழுக்கப் பியானோ ஒரே அச்சைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. புரூபெக்குக்குத் தனி ஆவர்த்தனமே கிடையாது. ஆனால் அந்த அச்சு யாருக்காக என்று கேட்க வேண்டும். ஏறத்தாழ 2 நிமிடத்தில் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோவின் தனி ஆவர்த்தனம் தொடங்குகிறது. முதலில் அடிப்பதைவிட விடுவதுதான் அதிகம். ஓர் அடி, பிறகு வெற்றிடம், அந்த வெற்றிடத்துக்குள் பியானோ மட்டும் கணக்கைத் தாங்குகிறது. நம் தனி ஆவர்த்தனத்தில் கையால் தாளம் போடுபவர் செய்கிற வேலையைத்தான் புரூபெக் அங்கே செய்கிறார். அதைக் குறையென்று எழுதினால் தாளம் போடுபவரைப் பார்த்து ‘நீ ஏன் பாடவில்லை’ என்று கேட்பதுபோல ஆகிவிடும்.

கை கனம் என்பவர்கள் ‘ஸ்ட்ரேஞ்ச் மெடோ லார்க்’ பாட்டின் முதல் இரண்டு நிமிடத்தைக் கேட்கட்டும். தாளக்கட்டு இல்லாத தனிப் பியானோ, விரல் அவ்வளவு மெல்ல இறங்குகிறது.

‘டேக் ஃபைவ்’ ஐந்து எண்ணிக்கை என்கிறார்கள். கண்ட சாபு போட்டுப் பார்த்தால் எனக்கு ஒட்டவே இல்லை. ஏன்? – இசை ஆசிரியை, கோத்தகிரி

நீங்கள் பழக்கப்படி இரண்டு–மூன்று என்று, ‘தக தகிட’ போட்டிருப்பீர்கள். இந்தப் பாட்டு மூன்று–இரண்டு. ‘தகிட தக’ என்று சொல்லி, 1-லும் 4-லும் தட்டுங்கள். பியானோவின் அச்சு அதில் அப்படியே உட்காரும். நடுவில் தவறினால் சாக்ஸபோனைப் பின்தொடராதீர்கள். பால் டெஸ்மண்ட் சொற்றொடரை அடிக்குறுக்கே நீட்டுபவர், அவரோடு போனால் எடுப்பு தொலையும். பியானோவின் இடது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். (மெட்டும் டெஸ்மண்ட் போட்டதுதான், பலர் புரூபெக் என்று நினைக்கிறார்கள்.)

அதே தட்டில் ‘புளூ ரோண்டோ அ லா டர்க்’ ஒன்பது. இஸ்தான்புல் தெருக்கலைஞர்களிடம் புரூபெக் கேட்ட நடை. ‘தக திமி தக தகிட’, அதாவது நம் சங்கீர்ணச் சொற்கட்டேதான். அதை மூன்று முறை சொல்லி, நான்காவது முறை ‘தகிட தகிட தகிட’ என்று மாற்றுங்கள். நான்கிலும் ஒன்பதுதான், மொத்தம் 36. உள் பிரிப்பு மட்டும் மாறுகிறது. அந்த நான்காவதில்தான் எல்லோரும் விழுவார்கள். ‘த்ரீ டு கெட் ரெடி’யில் முகப்பு முடிந்ததும் ‘தகிட தகிட தகதிமி தகதிமி’, ஆக 14.

மேலைநாட்டு விமர்சகர்கள் அதிகம் தொடாத குறை ஒன்றை நம் காது உடனே பிடிக்கும். ‘புளூ ரோண்டோ’வில் கற்பனை வாசிப்பு தொடங்கியதும் ஒன்பது காணாமல் போய், சாதாரண நான்கு எண்ணிக்கைக்கு இறங்கிவிடுகிறார்கள். எடுத்த தாளத்திலேயே ஸ்வரம் பாடிக் கேட்டுப் பழகியவர்களுக்கு அது ஏமாற்றம்தான்.

என் தாத்தாவுக்கு ஓர் அமெரிக்கக் குடும்பம் விட்டுச்சென்ற இசைத்தட்டு இயந்திரம் இருக்கிறது. மின்மாற்றி வைத்துத்தான் போடுகிறேன். அதில் புரூபெக் சோம்பலாக, கனமாகக் கேட்கிறது. விமர்சகர்கள் சொன்னது சரிதானே? – மாணவர், கொடைக்கானல்

விமர்சகர்களை விடுங்கள், உங்கள் இயந்திரம் மெதுவாகச் சுற்றுகிறது. மின்மாற்றி 230 வோல்ட்டை 110 ஆக்கும்; நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை (வினாடிக்கு 50 அலைவு) அமெரிக்காவின் 60 ஆக்காது. அந்தப் பழைய மோட்டார் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பார்த்துச் சுற்றுவது. ஆகவே நிமிடத்துக்கு 33⅓ சுற்று போக வேண்டிய தட்டு ஏறத்தாழ 27¾ சுற்றுதான் போகிறது.

சோதிப்பது சுலபம். ‘டேக் ஃபைவ்’ 5 நிமிடம் 24 வினாடி. கைப்பேசியில் நேரம் பாருங்கள்; ஆறரை நிமிடத்தை நெருங்கினால் இதுதான் கோளாறு. சுருதிப் பெட்டி இருந்தால் இன்னும் உறுதி: பாட்டின் ஆதார சுருதி 2½ கட்டை; உங்களிடம் அது ஒரு கட்டைக்கும் சற்றுக் கீழே கேட்கும்.

மோட்டார் தண்டில் இருக்கும் சிறு கப்பியை மாற்றினால் போதும். 50 ஹெர்ட்ஸுக்கான கப்பியின் விட்டம் 60-க்கானதைவிட 20 சதவீதம் அதிகம். பழைய கப்பியைக் கழற்றிக் கொடுத்தால் நல்ல லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து தருவார்கள். 33-க்கும் 45-க்கும் தனித்தனிப் படிகள் இருந்தால் இரண்டையும் அதே விகிதத்தில் கூட்டச் சொல்லுங்கள். கப்பியில் டேப் சுற்றிக் கனமாக்க வேண்டாம். சுற்றின் தடிமன் ஒரே சீராக இராது. நீண்டு ஒலிக்கும் பியானோ ஸ்வரம் அலையலையாக நடுங்கும். பாட்டில் மறைந்துபோகிற நடுக்கம்கூடப் பியானோவில் மறையாது.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் தட்டுகளில் வெள்ளைப் பூஞ்சை. எப்படிக் கழுவுவது? – வாசகி, குன்னூர்

முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியே வைத்து உலர்ந்த தூரிகையால் முதலில் தட்டுங்கள். ஒரு லிட்டர் வாலை வடித்த நீரில் மணமில்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு போதும். மென்மையான துணியால் வரிகளின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் வாலை நீரில் அலசி, நிழலில் நிமிர்த்தி வையுங்கள். நடு லேபிளில் ஈரம் படக் கூடாது. பழைய 78 சுற்றுத் தட்டுகளில் ஸ்பிரிட் ஒருபோதும் வேண்டாம். அவை அரக்கு, கரைந்துவிடும். உள் காகித உறையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், பூஞ்சை குடியிருப்பது அங்கேதான். கணப்படுப்புக்குப் பக்கத்தில் அலமாரி இருந்தால் நகர்த்துங்கள், தட்டு வளைந்துவிடும்.

புரூபெக் இந்தியா வந்திருக்கிறாரா? – வாசகர், பழனி

1958-இல் அமெரிக்க அரசு அனுப்பிய சுற்றுப்பயணத்தில் வந்தார், சென்னையிலும் வாசித்தார். உங்கள் ஊர்ப் பெயரையே பெயரில் தாங்கிய மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையை அவரும் குழுவினரும் அங்கே சந்தித்தார்கள். திரும்பியதும் ‘ஜாஸ் இம்ப்ரெஷன்ஸ் ஆஃப் யூரேஷியா’வைப் பதிவு செய்தார், அதில் ‘கல்கத்தா புளூஸ்’ கேளுங்கள். ‘டைம் அவுட்’ அதற்கு அடுத்த ஆண்டு.