டேங்க் எப்போது நிரம்பும்?

கேள்வி: பெர்த் (கப்பல் நின்று எண்ணெய் ஏற்றிக்கொள்ளும் இடம்) எத்தனை, ஒரு கப்பலை நிரப்ப எத்தனை மணி நேரம் என்று பெருக்கினாலே எண்ணெய் ஏற்றுமதி முனையத்தின் திறன் தெரிந்துவிடுமே, சிமுலேஷன் எதற்கு? இதை எக்ஸெலில் செய்ய முடியுமா? – பொறியியல் மாணவி ஒருவர், கோவை

பதில்: எல்லாக் கப்பலும் சொன்ன நேரத்துக்கு வந்து, கடலும் வருடம் முழுக்க அமைதியாக இருந்தால் உங்கள் பெருக்கல் சரி. அப்படியொரு துறைமுகம் எங்கும் இல்லை.

அமெரிக்காவின் அலாஸ்காவில் உள்ள வால்டெஸ் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ப்ரூடோ பே எண்ணெய் வயலிலிருந்து சுமார் 1,287 கி.மீ. பைப்லைனில் வரும் கச்சா எண்ணெய் 1977 முதல் இங்கேதான் கப்பலேறுகிறது. 1988இல் உச்சம், நாளுக்குச் சராசரியாக 20 லட்சம் பேரல். 18 டேங்குகளும் சேர்ந்து 91.8 லட்சம் பேரல் பிடிக்கும்படி கட்டியிருந்தார்கள். கேட்கும்போது ஏராளமாகத் தெரிகிறது, ஆனால் டேங்குகள் பாதி நிரம்பியிருக்கும் ஒரு நள்ளிரவில் புயல் வந்து கப்பல்கள் நின்றுவிட்டால், மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கெல்லாம் இடம் தீர்ந்துவிடும். அப்புறம் பைப்லைனைக் குறைக்க வேண்டும், வடக்கே கிணறுகளையும் குறைக்க வேண்டும். எந்தப் பெர்த்திலும் பழுதில்லை, ஆனாலும் முனையம் திணறுகிறது!

ஆகவே ‘வருடத்துக்கு எத்தனை பேரல் ஏற்றலாம்’ என்பதைவிட ‘வருடத்தில் எத்தனை முறை டேங்க் நிரம்பிப் போகும்’ என்பதுதான் சரியான கேள்வி, அதற்குப் பதில் சொல்லத்தான் சிமுலேஷன். கப்பல் வருவது, காத்திருப்பது, நிரப்புவது, கிளம்புவது எல்லாவற்றையும் மணிக்கு மணி கம்ப்யூட்டரில் ஓட்டி, அதே வருடத்தை வேறு வேறு தற்செயல்களோடு நூற்றுக்கணக்கான முறை ஓட்டிப் பார்ப்பார்கள். பெர்த் மட்டும் போதாது. 1989இல் எக்ஸான் வால்டெஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதி எண்ணெய் கடலில் கொட்டிய பிறகு வந்த சட்டப்படி, எண்ணெய் ஏற்றிய டேங்கருடன் இரண்டு துணைக் கப்பல்கள் போக வேண்டும், அவை கிடைக்கவில்லை என்றாலும் தாமதம்தான்.

பலர் தவறுவது வானிலையில். வால்டெஸிலிருந்து கப்பல்கள் திறந்த கடலுக்குப் போகும் ஹிஞ்சின்புரூக் வாயிலில் காற்றின் வேகம் 45 நாட் (knot, மணிக்குச் சுமார் 83 கி.மீ.) அளவைத் தாண்டினாலோ அலை 15 அடியைத் தாண்டினாலோ எண்ணெய் ஏற்றிய கப்பலை வெளியே விடமாட்டார்கள். ‘மாதத்தில் மூன்று நாள் இப்படி’ என்று வைத்துக்கொண்டு, அந்த மூன்று நாளையும் தனித்தனியாகத் தூவிவிட்டால் மாடலில் டேங்க் நிரம்பவே நிரம்பாது. ஆனால் புயல் மூன்று நாளும் சேர்ந்தாற்போல் அடிக்கும், ஓய்ந்த பிறகு நின்றிருந்த கப்பல்களெல்லாம் ஒரே நேரத்தில் வந்து பெர்த்தைக் கேட்கும். தயவுசெய்து சராசரியைப் போடாதீர்கள், பதிவான உண்மையான காற்றையே மணிக்கணக்கில் போடுங்கள்.

வரிசையும் நேர்கோட்டில் வளராது. ஒரே பெர்த், கப்பல் வருவதும் நிரம்புவதும் முற்றிலும் தற்செயல் என்று வைத்துக்கொண்டால், பெர்த் 50 சதவீதம் வேலையில் இருக்கும்போது சராசரிக் காத்திருப்பு ஒரு கப்பலை நிரப்பும் நேரம். 80 சதவீதத்தில் அதைப்போல 4 மடங்கு, 90இல் 9 மடங்கு.

எக்ஸெலில் தாராளமாகத் தொடங்கலாம். மணிக்கு ஒரு வரி, வருடத்துக்கு 8,760 வரி. வந்த எண்ணெய், ஏற்றிய எண்ணெய், டேங்க் மட்டம், காத்திருக்கும் கப்பல், காற்று என்று ஐந்து பத்தி போதும். முதலில் கடந்து போன ஒரு வருடத்தை ஓட்டி, டேங்க் மட்டம் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போன பிறகு இன்னொரு பெர்த்தைச் சேர்த்தும், அதற்குப் பதிலாக இன்னொரு டேங்கைச் சேர்த்தும் ஓட்டிப் பாருங்கள்.