வேலை நாளைக் குறைப்பதா, ஆளைக் குறைப்பதா? கேள்வி பதில்

கோவைப் பக்கம் பவுண்டரி, பம்ப்செட் கம்பெனிகளில் முப்பது வருடம் பர்சனல் டிபார்ட்மென்டில் இருந்தவன் நான். இப்போது சின்ன யூனிட்டுகளுக்குத் தொழிலாளர் சட்ட ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆர்டர் குறைந்த காலத்தில் எல்லோரும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். நம் சட்டத்தில் லே-ஆஃப் என்றால் தற்காலிகமாக வேலை கொடுக்க முடியாத நிலை. ஆள் மஸ்டர் ரோலில், அதாவது ஆட்கள் பதிவேட்டில், அப்படியே இருப்பார். வீட்டுக்கு அனுப்புவதற்குப் பெயர் ஆட்குறைப்பு. அமெரிக்கக் கம்பெனிச் செய்திகளைப் படித்துவிட்டு இரண்டையும் குழப்பிக்கொண்டு வராதீர்கள்.

கேள்வி (அம்பத்தூர், லேத் மற்றும் சி.என்.சி. (கம்ப்யூட்டர் இயக்கும் மெஷின்) ஜாப் ஒர்க் யூனிட் உரிமையாளர்): 40 தொழிலாளர்கள். ஆர்டர் கால்வாசி குறைந்துவிட்டது. 10 பேரை நிறுத்துவதா, எல்லோருக்கும் நாளைக் குறைப்பதா?

பதில்: கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தினக்கூலி 600 ரூபாய், மாதம் 26 நாள், எல்லோரும் சராசரியாக 8 வருட சர்வீஸ் என்று வைத்துக்கொள்வோம். மாதக் கூலி மொத்தம் 6.24 லட்சம். கால்வாசி என்றால் 1.56 லட்சம். பத்துப் பேரை அனுப்பினாலும், ஒரு வாரம் 5 நாள், மறுவாரம் 4 நாள் என்று எல்லோரையும் ஓட்டினாலும் மாதா மாதம் மிச்சமாவது அதே தொகைதான்.

ஆளை அனுப்ப ஆகும் செலவில்தான் வித்தியாசம். ஒரு மாத நோட்டீஸ் சம்பளம் 15,600. வருடத்துக்கு 15 நாள் வீதம் ஆட்குறைப்பு நஷ்டஈடு 72,000. கிராஜுவிட்டி 72,000. புதுத் தொழில் உறவுத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததால் வேலை போனவர் வேறு தொழில் கற்பதற்கான மறுதிறன் நிதிக்கு 15 நாள் சம்பளம், 9,000. ஆக ஒருவருக்கு 1,68,600. பத்துப் பேருக்கு 16.86 லட்சம். மாத மிச்சத்தில் உங்கள் பங்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ.யைச் சேர்த்து 1.81 லட்சம் என்று வைத்தாலும், போட்ட பணம் திரும்பி வர ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஆர்டர் வந்துவிட்டால்? ஒரு வருடத்துக்குள் மறுபடி ஆள் எடுத்தால் அனுப்பியவரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும்.

அதனால் முதல் கேள்வி "எத்தனை பேர்" அல்ல, "எத்தனை மாதம்". உங்கள் வாடிக்கையாளரிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள். மூன்று, நான்கு மாதம்தான் என்றால் நாளைக் குறையுங்கள். அந்த பாகமே இனி வேண்டாம் என்று டிசைனை மாற்றிவிட்டார்கள் என்றால் நாளைக் குறைப்பது வீண்; எல்லோரையும் சேர்த்துப் பட்டினி போடுவதாகத்தான் முடியும்.

இன்னொன்று. லே-ஆஃப் நாளுக்குப் பாதிச் சம்பளம் தர வேண்டும் என்ற விதி 50 பேருக்குக் கீழே இருக்கும் இடத்துக்குப் பொருந்தாது. "அப்படியானால் ஒன்றும் கொடுக்க வேண்டாமே" என்று சந்தோஷப்படாதீர்கள். ஒப்பந்தத்திலோ நிலையாணையிலோ (கம்பெனியின் எழுத்து மூலமான வேலை விதிகள்) இல்லாமல் லே-ஆஃப் செய்யும் உரிமை முதலாளிக்குத் தானாகக் கிடையாது என்று ஃபயர்ஸ்டோன் வழக்கில் 1976இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆட்களோடு உட்கார்ந்து எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். பழைய சட்டத்தில் 18(1) என்போமே, அதுதான். அதில் முடிவு தேதி இருக்க வேண்டும். முடிவு தேதி இல்லாத நாள் குறைப்பு, பெயர் மாற்றிய சம்பள வெட்டு.

கேள்வி (சோழிங்கநல்லூர், ஐ.டி.): லே-ஆஃப் பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது. இன்றைக்கே ராஜினாமா கொடுத்தால் இரண்டு மாதச் சம்பளம் என்கிறார்கள்.

பதில்: முதலில், அது லே-ஆஃப் அல்ல. ராஜினாமா எழுதிவிட்டால் ஆட்குறைப்பும் அல்ல. நீங்களாகவே போனதாக ஆகிவிடும். இன்றைக்கே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் சட்டப்படி தொழிலாளியா (அப்படி என்றால்தான் ஆட்குறைப்பு விதிகள் பொருந்தும்) என்பதைப் பதவிப் பெயர் சொல்லாது, செய்யும் வேலைதான் சொல்லும். நியமன ஆணையோடு ஒரு தொழிலாளர் வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி (அவிநாசி, பனியன் கம்பெனி பவர்டேபிள் டெய்லர்): ஐயா, 2025 ஆகஸ்டில் அமெரிக்க வரி 50 சதவீதம் ஆனதிலிருந்து எங்கள் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் நின்றது. அப்புறம் ஒரு ஷிப்ட். இப்போது மதியம் ஒரு மணிக்கே அனுப்பிவிடுகிறார்கள். ஆளை நிறுத்தவில்லை, அதற்கே சந்தோஷப்படச் சொல்கிறார்கள்.

பதில்: அம்மா, எனக்கு வந்த கேள்விகளிலேயே முக்கியமானது உங்களுடையதுதான்.

ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனபோதே உங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஆனால் எந்தக் காகிதத்திலும் அது குறைப்பு என்று பதிவாகவில்லை. இத்தனைக்கும் அந்தக் கூடுதல் அரை ஷிப்டுக்குச் சட்டப்படி இரட்டைக் கூலி. பனியன் கம்பெனிகளில் எத்தனை இடத்தில் அது கிடைத்தது என்பது உங்களுக்கே தெரியும்.

இப்போது மதியத்தோடு அனுப்புவது இன்னும் மோசம். நாலு மணி நேர வேலைக்கும் அதே பஸ், அதே டிபன் பாக்ஸ், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அதே பணம். கூலி மட்டும் பாதி. அதனால்தான் கேட்கிற முதலாளிகளிடமெல்லாம் மணியைக் குறைக்காதீர்கள், நாளைக் குறையுங்கள் என்கிறேன். வாரத்தில் இரண்டு முழு நாள் லீவு கிடைத்தால் வேறு வேலைக்காவது போகலாம்.

சட்டமும் உங்கள் பக்கம்தான். நாளுக்கு இவ்வளவு என்று குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்த வேலையில், முதலாளி வேலை கொடுக்காததால் நேரம் குறைந்தால் முழு நாள் கூலி தர வேண்டும். நீங்களாக மறுத்திருந்தால்தான் விலக்கு. பீஸ் ரேட் என்றால் வாதாட வேண்டியிருக்கும், ஆனால் கை விட வேண்டியதில்லை. வந்த நேரம், அனுப்பிய நேரம் இரண்டையும் தினமும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாலு பேர் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது.

கேள்வி (அம்பத்தூர் உரிமையாளர், மறுபடியும்): உங்கள் கணக்கில் ஓட்டை இருக்கிறது சார். கிராஜுவிட்டி எப்படியும் நான் கொடுக்க வேண்டிய கடன். அதை ஆட்குறைப்புச் செலவில் சேர்க்கலாமா? அப்புறம், நாளைக் குறைத்தால் முதலில் ஓடுவது நல்ல சி.என்.சி. ஆபரேட்டர். போக்கிடம் இல்லாதவர்கள்தான் மிஞ்சுவார்கள்.

பதில்: கிராஜுவிட்டி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். அதைக் கழித்தால் 9.66 லட்சம், ஐந்தரை மாதத்தில் திரும்பிவிடும். ஆனால் அந்தக் கடனை இருபது வருடத்தில் ஒவ்வொருவராகக் கொடுப்பது வேறு, ஆர்டர் இல்லாத மாதத்தில் பத்துப் பேருக்கு ஒரே நாளில் கொடுப்பது வேறு. 7.2 லட்சத்துக்கு இப்போது பேங்க்கில் போய் நின்று பாருங்கள்.

ஆபரேட்டர் ஓடுவது நிஜம். ஆனால் ஆட்குறைப்பு செய்தால் அவர் இருப்பார் என்று யார் சொன்னது? ஒரே வகை வேலைக்குள் கடைசியாக வந்தவர்தான் முதலில் போக வேண்டும். புரோகிராமைத் தானே போடுகிற அந்த 24 வயதுப் பையன்தானே உங்களிடம் கடைசியாக வந்தவன்? முறை மாற்றி அனுப்பலாம். காரணத்தை எழுதி வைக்க வேண்டும், கேஸ் வந்தால் அந்தக் காரணம் நிற்கவும் வேண்டும்.

கேள்வி (ஒசூர், சங்க நிர்வாகி): முதலாளி கணக்கையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சம்பளம் கால்வாசி குறைந்தால் மகளிர் குழு லோன் தவணையும் கால்வாசி குறையுமா?

பதில்: குறையாது. அதனால்தான் நாள் குறைப்பை நான் தியாகம், ஒத்துழைப்பு என்றெல்லாம் சொல்வதில்லை. தொழிலாளி கம்பெனிக்குக் கொடுக்கிற கடன் அது. வட்டி கேட்காத கடன். கடன் என்றால் தவணை தேதி வேண்டாமா? முடிவு தேதி, முடிவு தேதி என்று நான் கத்துவது அதற்குத்தான்.

உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள். 2019 செப்டம்பரில் லாரி விற்பனை படுத்தபோது அசோக் லேலண்ட் எண்ணூரில் 16 நாள், ஒசூரில் 5 நாள் வேலையில்லா நாள் என்று முன்கூட்டி அறிவித்தது. பெரிய இடத்தில் எண்ணிக்கையாவது தெரியும். பாகம் செய்து கொடுக்கிற சின்ன யூனிட்டில் கேட்டுக்கு வந்து நின்ற பிறகுதான் தெரியும்.

ஒரு பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். 2008 கடைசியில் நான் இருந்த பவுண்டரியில் வாரம் 4 நாள் என்று போர்டில் ஒட்டியவன் நானேதான். மோல்டிங், கோர், ஃபெட்லிங் (வார்ப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்வது) ஆட்கள் எல்லோருக்கும் நாள் வெட்டு, ஆபீஸுக்கு இல்லை. மூடிய நாளில் ஒரு ஃபெட்லிங் ஆள் பி.எஃப். ஃபாரம் வாங்க வந்தார். என் அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அவர் மேலே ஏ.சி.யைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஃபாரத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த திங்கட்கிழமை ஆறு பேர் வரவில்லை.

கேள்வி (அம்பத்தூர் உரிமையாளர்): ஆபீஸில் நாலு பேர்தான் சார். அக்கவுண்டன்ட் சம்பளத்தில் கை வைத்தால் ஜி.எஸ்.டி. யார் போடுவது?

பதில்: உங்கள் சம்பளத்தில் முதலில் வையுங்கள். அதற்கப்புறம் அக்கவுண்டன்டிடம் பேசிப் பாருங்கள், பேச்சு சுலபமாக இருக்கும்.

கேள்வி (பீளமேடு, பவுண்டரி): நாளா மணியா என்ற கேள்வியே எங்களுக்கு இல்லை. ஃபர்னஸை சூடேற்றிவிட்டால் முழு ஷிப்ட் ஓட்டியாக வேண்டும்.

பதில்: ஆமாம். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் கரண்டுக்கான நிலையான கட்டணம், ஈ.பி. டிமாண்ட் சார்ஜ், வேறு ஏறும். அம்பத்தூர்காரரும் கம்ப்ரஸரை நாலு மணி நேரத்துக்காக ஓட்டினால் என்ன ஆகிறது என்று மீட்டரைப் பார்க்கட்டும்.

கேள்வி (ஸ்டுட்கார்ட், கார் பாகக் கம்பெனி இன்ஜினியர்): இங்கே வேலை நேரத்தைக் குறைத்தால் போன சம்பளத்தில் ஒரு பங்கை அரசே தருகிறதே. நம் ஊரில் ஏன் இல்லை?

பதில்: நீங்கள் சொல்வது ஜெர்மனியின் குர்ஸ்ஆர்பைட், அதாவது குறுகிய நேர வேலைத் திட்டம். இழந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவீதம், பிள்ளை இருந்தால் 67. வேலையின்மைக் காப்பீட்டுச் சந்தாவிலிருந்து வருகிறது. 2009இல் உச்சத்தில் 14 லட்சம் பேருக்கு மேல், 2020 ஏப்ரலில் ஏறக்குறைய 60 லட்சம் பேர் அதில் இருந்தார்கள். ஃபோக்ஸ்வாகன் 1993இல் செய்தது வேறு ரகம்: சங்கத்தோடு பேசி வாரம் 28.8 மணி, சம்பளமும் குறைந்தது, சுமார் 30,000 வேலை தப்பியது.

நம்மிடம் ஈ.எஸ்.ஐ.யில் அடல் திட்டம் இருக்கிறது. சராசரி தினக் கூலியில் பாதி, 90 நாள் வரை. ஆனால் வேலை முழுதாகப் போனவருக்குத்தான். வாரத்தில் இரண்டு நாள் போனவருக்கு ஒரு பைசா கிடையாது. ஆளை வேலையில் வைத்திருக்கிற முதலாளிக்கு உதவி இல்லை, அனுப்பினால் உண்டு என்பது தலைகீழ் ஏற்பாடு. அந்த நிதியை நாள் குறைப்புக்கும் திறந்துவிட வேண்டும் என்பது என் கட்சி. செத்த கம்பெனிக்கு ஆக்சிஜன் கொடுப்பதாகாதா என்று கேட்பார்கள். ஆறு மாத வரம்பு வைத்தால் ஆகாது.

கேள்வி (சிறுசேரி, ஐ.டி.): லே-ஆஃப் செய்துவிட்டார்கள், ராஜினாமா கேட்கிறார்கள்...

பதில்: மேலே சோழிங்கநல்லூர்காரருக்குச் சொன்னதுதான்.

கேள்வி (பல்லடம், செக்கிங் சூப்பர்வைசர்): வாரம் 3 நாள் ஆக்கிவிட்டார்கள். ஈ.எஸ்.ஐ. தொடருமா?

பதில்: இதை யாரும் கேட்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பு சரியில்லாத நாளுக்குப் பணம் வாங்க, ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாள் சந்தா இருக்க வேண்டும். 26 வாரம், வாரத்துக்கு 3 நாள்: சரியாக 78. ஒரே ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் 77, போச்சு. பாதிச் சம்பள லே-ஆஃப் என்று முறையாகப் போட்டால், பழைய ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் அந்தத் தொகையும் சம்பளம்தான், அந்த நாளும் சேரும்; இப்போது எப்படி என்று ஈ.எஸ்.ஐ. ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். முதலாளியிடம் இதைச் சொல்லி, மாதத்தில் இரண்டு நாளாவது கூடப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி (தாம்பரம்): பி.எஃப். பணத்தை ஆன்லைனில் எடுப்பது எப்படி?

பதில்: அது என் பாடம் இல்லை. பி.எஃப். ஆபீஸ் குறைதீர் நாளில் போய்க் கேளுங்கள்.

கேள்வி (பெங்களூரு, ஐ.டி.): சார், லே-ஆஃப்...

பதில்: லே-ஆஃப் இல்லை. ஆட்குறைப்பு. கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி (அம்பத்தூர் உரிமையாளர்): சரி, நேற்று ஆட்களோடு உட்கார்ந்தேன். 5 நாள், 4 நாள் மாற்றி மாற்றி என்று ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பையன் மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்றான். போர்டில் என்ன எழுதுவது?

பதில்: ஒப்பந்தத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு போர்டு. எந்தெந்தத் தேதி மூடல் என்று நான்கு மாதத்துக்கும் முன்கூட்டியே பட்டியல் போடுங்கள். வாராவாரம் சனிக்கிழமை சாயங்காலம் அறிவிக்காதீர்கள். ஆபீஸ் நாலு பேருக்கும் உங்களுக்கும் எவ்வளவு குறைகிறது என்பதும் அதே தாளில் வரட்டும். கடைசி வரி: இன்ன தேதியோடு இந்த ஏற்பாடு முடிகிறது, நீட்டிக்க வேண்டுமென்றால் மறுபடி உட்கார்ந்து பேசுவோம்.

அந்தப் பையனிடம் தாளைக் காட்டிவிட்டு இரண்டு நாள் விடுங்கள்.