முகாமும் சிறைப் பயணமும் பையன்களைத் திருத்துமா?

கேள்வி: கோலாலம்பூர், செந்தூல் அடுக்குமாடிக் குடியிருப்பில் பள்ளிக்கு மட்டம் போட்டுத் திரியும் 12 முதல் 14 வயதுப் பையன்கள் 20 பேரை ஒரு நாள் தன்முனைப்பு (ஊக்கமூட்டும் பேச்சு) முகாமுக்கும், பிறகு சிறைச்சாலையைப் பார்க்கவும் அழைத்துப்போக எங்கள் ஆலய இளைஞர் பிரிவு திட்டமிட்டுள்ளது. போதைக்கும் குண்டர் கும்பலுக்கும் போகாமல் இது தடுக்குமா?
– இளைஞர் பிரிவுச் செயலாளர், செந்தூல்

பதில்: சிறைப் பயணத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். கைதிகளைக் காட்டி மிரட்டும் திட்டங்களை அமெரிக்காவில் பல தடவை சோதித்துப் பார்த்தாயிற்று. போகாத பையன்களைவிடப் போனவர்களே பிறகு அதிகமாகக் குற்றத்தில் சிக்கினார்கள். முகாமிலும் ஆபத்து உண்டு. மட்டம் போடும் 20 பேரை ஒரே அறையில் உட்காரவைத்தால், ஒருவன் சொல்லும் வீரக்கதைக்கு மற்றவர்கள் சிரிக்கும் சிரிப்பே அவனுக்குப் பரிசு. மேடைப் பேச்சு அதற்கு முன்னால் எடுபடாது. காற்பந்தோ உறுமிக் குழுவோ, ஒழுங்காக இருக்கும் பிள்ளைகளுக்கு நடுவே இவர்களை இரண்டு மூன்று பேராகச் சேருங்கள்.

பலன் தந்த ஒரு திட்டம் 1990களில் மெம்பிஸ், சியாட்டல் உட்பட 5 அமெரிக்க நகரங்களில் 11 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்காக நடந்தது. முழுநேர ஊழியர் ஒருவருக்கு 15 முதல் 18 குடும்பங்கள்தான். வீடு, பள்ளி, போலீஸ் மூன்றையும் அவரே இணைத்தார். திட்டம் முடிந்து ஓராண்டு கழித்தும் அந்தப் பிள்ளைகளிடம் போதைப் பழக்கம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது.

உங்களிடம் இருப்பது தொண்டர்கள். ஆளுக்கு 3 குடும்பம், அதற்கு மேல் வேண்டாம். முதல் முறை வீட்டுக்குப் போகும்போது போதையைப் பற்றிப் பேசவே வேண்டாம். அம்மாவுக்கு எந்த ஷிப்டு, வாடகை பாக்கி உண்டா, பையன் எந்த நேரம் தனியாக இருக்கிறான் என்று கேளுங்கள். இடைநிலைப் பள்ளியின் முதல் இரண்டு வகுப்பான படிவம் 1, 2 மாணவர்களுக்கு மாலைப் பள்ளி என்றால் ஆபத்தான நேரம் காலைதான். மாலை 4 மணிக்கு டியூஷன் வைத்துப் பயனில்லை. தமிழ்ப் பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போகிறவர்களுக்கான புகுமுக வகுப்பில் மலாய் மொழியில் திணறுபவனுக்கு முதல் தேவை மலாய்ப் பாடம். பெற்றோரின் எழுத்துபூர்வ அனுமதியோடு ஆலோசக ஆசிரியரிடம் வருகைப் பதிவைக் கேளுங்கள்.

வழிகாட்டியாக வருபவர் ஓராண்டாவது நிலைக்க வேண்டும். மூன்றே மாதத்தில் காணாமல் போகிறவரால் பிள்ளைக்குத் தன்மதிப்புக் குறைகிறது, 'என்னையும் விட்டுட்டாங்க' என்று. ஆகவே ஆறு மாதத்தில் படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும் பல்கலைக்கழக மாணவரைச் சேர்க்காதீர்கள். சந்திப்பு வாரம் ஒரு முறை, பலர் கண்ணில் படும் இடத்தில் நடக்கட்டும்.

ஒருவன் ஏற்கெனவே சியாபு என்ற போதைப்பொருளை எடுப்பது தெரிந்தால் தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனமான ஏஏடிகேயின் அலுவலகத்தை அணுகுங்கள். போதை சிகிச்சை, மறுவாழ்வுக்கான 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி தானாக முன்வந்து சிகிச்சை கேட்கலாம். வயது குறைந்தவனுக்காகப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். அந்த வாரமும் வழிகாட்டி வழக்கம்போல் அவனைப் போய்ப் பார்க்கட்டும்.