ஹீரோவுக்கு லக் அடிக்கலாம், ஆனா சும்மா அடிக்கக் கூடாது

கேள்வி: பேங்க் கொள்ளை த்ரில்லர் ஒண்ணு எழுதிட்டிருக்கேன். அலாரம் அடிச்சும் செக்யூரிட்டி எட்டிப் பாத்துட்டுப் போயிடுறான், அந்த சீனைப் படிச்சவங்க எல்லாரும் "எல்லாமே லக்கா?"ன்னு ஓட்டுறாங்க. நிஜத்துல இப்படி நடக்காதா சார்?

பதில்: நடந்திருக்கே! 2015 ஈஸ்டர் லீவுல லண்டன்ல நகைக்கடைங்க நிறைஞ்ச ஹாட்டன் கார்டன் ஏரியால வயசான திருடங்க கூட்டம் ஒண்ணு லாக்கர் ரூமைக் குடைய இறங்குச்சு, அலாரம் அடிச்சுது, போலீஸ் வரவே இல்ல, செக்யூரிட்டி மட்டும் வந்து வெளியிலேர்ந்தே பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு கிளம்பிட்டாரு. அப்படியே உங்க சீன்தான். ஆனா அதுக்கப்புறம் நடந்தத கேளுங்க. அரை மீட்டர் கான்கிரீட்ல ட்ரில் போட்டு ஓட்டை போட்டா, உள்ள லாக்கர் அலமாரி வழிய அடைச்சுக்கிட்டு நிக்குது, அதைத் தள்ளுறதுக்குள்ள ஹைட்ராலிக் ஜாக்கி உடைஞ்சு போச்சு, வெறுங்கையோட திரும்புனாங்க, கூட்டத்துலயே மூத்த ஆள் கழண்டுக்கிட்டாரு, மிச்சப் பேர் புது ஜாக்கி வாங்கிட்டு சனிக்கிழமை ராத்திரி மறுபடி வந்தாங்க. செக்யூரிட்டி போனது லக்கு. திரும்பி வந்தது அவங்களா எடுத்த முடிவு. உங்க ஹீரோ லக் அடிச்சதுக்கப்புறம் எந்த முடிவுமே எடுக்கல, அங்கதான் இடிக்குது.

2003ல பெல்ஜியத்து ஆன்ட்வெர்ப் ஊர்ல நடந்த வைரக் கொள்ளைய எடுத்துக்கோங்க. கொள்ளைக் கூட்டத்துத் தலைவன் நோட்டார்பார்டோலோ ரெண்டு வருஷத்துக்கு மேலயே கொள்ளையடிச்ச அதே பில்டிங்ல வைர வியாபாரி மாதிரி ஆபீஸ் வாடகைக்கு எடுத்து உள்ள போக வர இருந்தாரு, அதனால லாக்கர் ரூம் சென்சாரை ஏமாத்துனது நமக்கு லக்கா தெரியல. கடைசில மாட்டிவிட்டது ரோட்டோரம் வீசுன குப்பை! ஹீரோவுக்கு எதிரா லக் அடிச்சா எந்த வாசகனும் கேள்வி கேக்க மாட்டான்.

இன்னொண்ணு, "எல்லாமே என் ப்ளான்"னு க்ளைமாக்ஸ்ல ஃப்ளாஷ்பேக் போட்டு சமாளிச்சிடாதீங்க. வில்லன் கரெக்டா அந்த நிமிஷம் அந்த லிஃப்ட்ல ஏறுவான்னு நம்பி போடுற ப்ளானும் கோட் சூட் போட்ட லக்குதான், எனக்கு இதைப் பாத்தாலே கடுப்பாகும்.

சீனைத் தூக்க வேண்டாம், கதையோட முன்பாதிக்குக் கொண்டு வாங்க. அலாரம் அடிச்ச பயத்துல கூட்டத்துல ஒருத்தன் ஓடிப்போகட்டும், ட்ரில் ஓட்டத் தெரிஞ்சவனே அவன் ஒருத்தன்தான்னா இன்னும் நல்லது.