சிங்கப்பூரில் சுகாதாரக் கொள்கை ஆய்வுக்குத் தரவு எங்கே கிடைக்கும்?

முதுகலை ஆய்வுக்குச் சிங்கப்பூர்ச் சுகாதாரத் தரவு எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். நோய்களுக்குத் தேசிய நோய்ப் பதிவகம். அதன் புற்றுநோய்ப் பதிவு 1968இல் தொடங்கியது. மாரடைப்பு, பக்கவாத அறிக்கைகளும் உண்டு. நீரிழிவு, புகைபிடித்தல் போன்றவற்றுக்குத் தேசிய மக்கள்நல ஆய்வைப் பாருங்கள். அட்டவணைகள் பெரும்பாலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்றே பிரிக்கின்றன. ‘இந்தியர்’ எண்ணைத் தயவுசெய்து தமிழர் எண்ணாக எழுதிவிடாதீர்கள்.

செலவுக்கு என்றால், சுகாதார அமைச்சின் இணையத்தளத்தில் மருத்துவமனை, வார்டு வாரியாகக் கட்டண விவரம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் பலர் சேர்ந்து தங்கும் சி வார்டுக்கு 80 விழுக்காடு வரை அரசு மானியம். தனி அறையான ஏ வார்டுக்குக் கிடையாது. அதனால் இரண்டு வார்டுகளின் கட்டணங்களை அப்படியே ஒப்பிட்டால் சிகிச்சையின் உண்மையான செலவு தெரியாது.

அப்புறம், தனி நோயாளிகளின் பதிவுகள் வேண்டுமென்றால் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவை. நேரம் பிடிக்கும், இப்போதே மேற்பார்வையாளரிடம் பேசுங்கள்.