கமொம்பேர், பிரீ என்ற பிரெஞ்சு மென்மையான சீஸ்கள்: இந்த முறை வந்த கேள்விகள்

கே: கமொம்பேரின் வெள்ளைத் தோலைச் சாப்பிடலாமா?

ப: சாப்பிடலாம். அந்தப் பூஞ்சணம்தான் சீஸை வெளியிலிருந்து உள்ளே இளக்குகிறது. பிடிக்காவிட்டால் உங்கள் தட்டில் ஒதுக்குங்கள், எல்லோருக்கும் வைத்த துண்டின் நடுவைத் தோண்டாதீர்கள்.

கே: வாங்கிய பிரீ ரப்பர் மாதிரி இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

ப: எந்த பிரீ என்று எழுதவில்லை, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு வெட்டினீர்களா என்றும் எழுதவில்லை. நான் என்ன ஜோசியம் பார்ப்பதா? ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வையுங்கள். அப்புறமும் நடுவில் சுண்ணாம்புக் கோடு ஓடினால் இன்னும் பழுக்கவில்லை.

கே: பெட்டியில் நோர்மாந்தி என்று பிரான்ஸின் அந்தப் பகுதியின் பெயரைப் போட்டிருந்தால் அசல் கமொம்பேர்தானே?

ப: இல்லவே இல்லை. இதை எத்தனை தடவை எழுதுவது! 'கமொம்பேர்' என்ற வெறும் பெயரை எந்த நாட்டிலும் யாரும் ஒட்டிக்கொள்ளலாம். 'கமொம்பேர் த நோர்மாந்தி' என்ற முழுப்பெயரும் ஏஓபி முத்திரையும் (ஊர்ப்பெயரைக் காக்கும் ஐரோப்பிய முத்திரை) இருந்தால்தான் அசல். அதற்குக் காய்ச்சாத பால் வேண்டும், அதில் பாதியாவது நோர்மாந்தி இனப் பசுக்களுடையதாக இருக்க வேண்டும், உறைந்த பாலை உடைக்காமல் கரண்டியால் அள்ளி, ஒவ்வொரு அடுக்கும் வடிய வடிய, ஐந்து தடவையாவது அச்சில் போட வேண்டும். 250 கிராம் வட்டம் ஒன்றுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் பால் போகும். பாஸ்டரைஸ் செய்த பாலில் தொழிற்சாலையில் அடித்ததை 'நோர்மாந்தியில் தயாரித்தது' என்று அதே மாதிரி மரப்பெட்டியில் போட்டுப் பல வருடம் விற்றார்கள். நானே ஒரு தடவை கண்ணாடி போடாமல் வாங்கி வந்து வெட்டினேன், சோப்புக்கட்டி!

கே: பெட்டியோடு ஓவனில் வைக்கலாமா?

ப: ஸ்டேப்ளர் பின் அடித்த மரப்பெட்டி என்றால் வைக்கலாம், பசையால் ஒட்டியது சூட்டில் பிரிந்துவிடும். காகிதத்தை எடுத்துவிட்டு மேலே கீறி, பூண்டுச் சீவல் செருகி, 180 டிகிரியில் 20 நிமிடம். ரொட்டியால் தொட்டுச் சாப்பிடுங்கள். இதற்கு மலிவான கமொம்பேரே போதும், அசலை வேகவைத்து வீணாக்காதீர்கள்.

கே: 45% கொழுப்பு என்றால் பாதி வெண்ணெயா?

ப: தண்ணீரைக் கழித்த பிறகு மிஞ்சுவதில் 45%. சீஸில் பாதிக்கு மேல் தண்ணீர், ஆக 100 கிராமில் இருபது சொச்சம்.

கே: மகள் கர்ப்பமாக இருக்கிறாள், கொஞ்சம் பிரீ கொடுக்கலாமா?

ப: வேண்டாம். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா பயம் உண்டு, காய்ச்சாத பால் என்றால் கேட்கவே வேண்டாம். குழந்தை பிறக்கட்டும்.

கே: முக்கோண பிரீத் துண்டின் முனையை வெட்டினால் பிரெஞ்சுக்காரர்கள் முறைக்கிறார்களே?

ப: முறைக்காமல்? நடுப்பாகம் முழுக்க உங்களுக்கு, கடைசியில் வருபவருக்கு வெறும் தோலா? நீளவாக்கில் வெட்டுங்கள். சரி, வெளியே எடுத்து வைத்து ஒரு மணி நேரம் ஆயிற்றா?