பாவம் தீர்ந்தது, கடன் தீரவில்லை

கேள்வி: என் கொழுந்தன் மூன்று வருஷத்துக்கு முன் எங்களிடம் 8,000 வெள்ளி கைமாற்று வாங்கினார். கேட்கும்போதெல்லாம் இன்று, நாளை என்று இழுத்தார். இந்தத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) செய்துவிட்டு, "சாமியே மன்னிச்சிட்டார், நீங்க ஏன் அண்ணி இன்னும் மனசுல வச்சிருக்கீங்க?" என்கிறார். ஞாயிறுதோறும் பூசையில் நன்மை (நற்கருணை) வாங்குகிறார். எனக்கு ஆத்திரம் அடங்காததால் நான்தான் வாங்காமல் உட்கார்ந்திருக்கிறேன். நான் மன்னித்தே ஆக வேண்டுமா? பங்குச்சாமியை விட்டுக் கேட்கச் சொல்லலாமா?
- வாசகி, செங்காங், சிங்கப்பூர்

பதில்: உங்கள் கொழுந்தன் ஞானோபதேசத்தில் (மறைப்பாடத்தில்) பாதியோடு நின்றுவிட்டார். ஆன்ம சோதனை, மனத்துயர், இனிப் பாவம் செய்வதில்லை என்ற தீர்மானம், குருவிடம் சொல்லுதல், பரிகாரம் என்று ஐந்தையும் ஒப்பித்திருப்பார். அந்த ஐந்தாவதை மூன்று அருள் நிறை மந்திரத்தோடு முடித்துக்கொண்டார் போலிருக்கிறது. திருச்சபையின் மறைக்கல்வி 1459ஆம் எண்ணில் இது தெளிவாகவே இருக்கிறது: பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கும், பாவம் விளைவித்த சேதத்தை எல்லாம் சரிசெய்துவிடாது. திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுத்த பெயரை மீட்டுக் கொடுக்க வேண்டும். இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவன் சக்கேயு மனம் மாறியதும் முதலில் எடுத்தது பணப்பையைத்தான். ஏமாற்றிய பணத்தை நான்கு மடங்காகத் தருகிறேன் என்றான்.

சாமி, அதாவது குரு, மன்னித்தது கடவுளுக்கு எதிரான குற்றத்தை. உங்கள் 8,000 வெள்ளியைத் தள்ளுபடி செய்ய அவருக்கு அதிகாரம் கிடையாது. அது உங்கள் பணம். விட்டுக்கொடுக்கும் உரிமை உங்களுக்கு மட்டும்தான்.

அவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கையில் நிஜமாகவே இல்லாதவர், "முடிந்தபோது தருவேன்" என்று உறுதியாக நினைத்தாலே மன்னிப்புக்குப் போதும். மாதம் 100 வெள்ளியாகத் தந்தாலும் அது பரிகாரம்தான். வசதி இருந்தும் கொடுப்பதில்லை என்ற முடிவோடு உள்ளே போனால் மனத்துயரே இல்லை. அங்கே மன்னிப்பும் நிற்காது. இரண்டில் அவர் எது என்பது நமக்குத் தெரியாது. அவர் நன்மை வாங்குவதை எண்ணிக்கொண்டிருப்பதும் உங்கள் வேலை இல்லை.

பங்குச்சாமி விஷயத்தில் கவனம். கொழுந்தன் அவரிடமே பாவசங்கீர்த்தனம் செய்திருந்தால், நீங்கள் அவரைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடுகிறீர்கள். கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது மட்டுமல்ல. அதை வைத்து, பாவசங்கீர்த்தனம் செய்தவருக்குப் பாதகமாக எதையும் செய்யவும் திருச்சபைச் சட்டம் 984 தடுக்கிறது. பாவசங்கீர்த்தன இரகசியம் என்ற முத்திரையை நேரடியாக உடைக்கும் குரு அந்தக் கணமே சபை விலக்கத்துக்கு ஆளாகிறார். "அவர் சொன்னாரா?" என்று கேட்டால் பதில் வராது, வரவும் கூடாது. பேசி முடிக்க ஆள் வேண்டுமென்றால் குடும்பத்தில் ஒரு பெரியவரையோ, சமூக சமரச நிலையத்தையோ நாடுங்கள்.

மன்னித்துவிட்டு வழக்குப் போடலாமா என்ற சந்தேகமும் உங்களுக்கு வரும். போடலாம். விசுவாசிகளே விசுவாசிகள் மேல் வழக்கா என்று பவுல் கொரிந்தியரைக் கடிந்தது உண்மைதான். ஆகவே அது கடைசி வழியாக இருக்கட்டும். கைமாற்றுக் கடனைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் எடுத்துக்கொள்ளாது. 60,000 வெள்ளி வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றம்தான். தவணை தவறிய நாளிலிருந்து ஆறு வருஷம் கடந்தால் பொதுவாக வழக்கும் நிற்காது. அதற்குள் கடனை ஒத்துக்கொண்டு கையெழுத்திட்ட ஒரு தாளாவது வாங்கி வையுங்கள். இதில் பகைமை ஒன்றும் இல்லை.

இப்போது நீங்கள். மன்னித்தே ஆக வேண்டுமா என்றால், ஆம். ஆனால் மறக்க வேண்டும் என்றோ, நெஞ்சு கொதிக்கக்கூடாது என்றோ திருச்சபை கேட்கவில்லை. வலியை உணராமல் இருப்பது நம் கையில் இல்லை என்று அதே மறைக்கல்வி 2843ஆம் எண்ணில் ஒத்துக்கொள்கிறது. உங்கள் கையில் இருப்பது வேறு: அவர் நாசமாய்ப் போகட்டும் என்று விரும்பாமல் இருப்பது, ஆத்திரத்தை வாட்ஸ்அப்பில் குடும்பம் முழுக்கப் பரப்பாமல் இருப்பது, அவர் பெயரைச் சொல்லி ஒரு ஜெபம் செய்வது. அந்த ஜெபம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாலும் ஜெபம்தான்.

வெறும் ஆத்திரம் வந்து போகிறது என்பதற்காக நன்மை வாங்காமல் இருக்க வேண்டியதில்லை. தெரிந்தே பகையை வளர்த்துக் கேடு நினைத்திருந்தால் முதலில் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள். அங்கே நிறையப் பேர் சறுக்குவது ஓரிடத்தில்: தன் பாவத்தை விட்டுவிட்டுக் கொழுந்தன் பாவத்தைச் சொல்லுவார்கள். பத்து நிமிஷம் கடன் கதை, கடைசியில் "அதனால கோபம் வந்துச்சு சாமி." பெயர் வேண்டாம், தொகை வேண்டாம். "குடும்பத்தில் ஒருவர்மேல் மூன்று வருஷமாகப் பகை வைத்திருக்கிறேன், அவருக்குக் கேடு வர வேண்டும் என்று பல தடவை விரும்பினேன், நாலைந்து பேரிடம் அவர் மானத்தை வாங்கினேன்" என்றால் போதும். பாவத்தின் வகையும் எத்தனை தடவை என்பதும்தான் தேவை. எண்ணிக்கை தெரியாவிட்டால் தோராயமாகச் சொல்லுங்கள். மறந்துபோன பாவமும் மன்னிக்கப்படுகிறது, நினைவு வந்தால் அடுத்த முறை சொன்னால் சரி. வேண்டுமென்றே மறைத்த சாவான (கனமான) பாவம் மட்டும் முழுப் பாவசங்கீர்த்தனத்தையும் வீணாக்கிவிடும்.

தமிழில் சொல்ல விரும்பினால் ஓஃபிர் சாலை லூர்து மாதா கோவிலுக்குப் போங்கள். பூசைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போய் நிற்காதீர்கள். அலுவலகத்தில் முன்கூட்டிச் சொல்லி நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.